ரொட்டிக்குச் சட்டம் போடும் நாடு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "பிரான்சில் எந்த ரொட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம், பேக்கரி வாரத்தில் எத்தனை நாள் திறக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதாமே? அப்படி என்ன பெரிய ரொட்டி? இது உண்மையிலேயே பழைய மரபா, சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிவிட்ட கதையா? அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன், கடையில் எதைக் கேட்டு வாங்குவது?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதற்குச் சுருக்கமான பதில் இது. பகெத் என்ற அந்த நீள ரொட்டிக்கு, அந்தப் பெயரோடு, வயது நூறு சொச்சம்தான். ஆனால் ரொட்டி விஷயத்தில் அரசு தலையிடுவது அதைவிடப் பல தலைமுறை மூத்த பழக்கம். பிரான்சில் ரொட்டி விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு பேரோடு கணக்கு முடியாது. நடுவில் மூன்றாவது ஆளாக அரசாங்கம் உட்கார்ந்திருக்கும். மன்னர் இருந்தபோதும் இருந்தது, மன்னர் தலையை வெட்டியவர்கள் ஆண்டபோதும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. இது ஏன் என்பதுதான் விரிவான பதில்.

18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் உடலுழைப்பு செய்யும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ரொட்டி சாப்பிட்டார். சாப்பாடு என்றாலே ரொட்டிதான். சூப்பும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் அதை உள்ளே இறக்குவதற்கான துணை. நல்ல விளைச்சல் வருடத்திலேயே ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வருமானத்தில் பாதி ரொட்டிக்குப் போய்விடும். அன்றைய அளவுகோல் நான்கு பவுண்டு ரொட்டி, ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. பாரிஸில் அதன் சாதாரண விலை எட்டு ஒன்பது சூ (சூ என்பது அன்றைய சில்லறைக் காசு). கட்டுமான வேலை மாதிரி வேலைகளில் ஒருவருக்கு நாளெல்லாம் உழைத்தால் இருபது முப்பது சூ கிடைக்கும். விலை நாலைந்து சூ ஏறினால் வீட்டில் விறகு, துணி, மெழுகுவர்த்தி எல்லாம் போய், கடைசியில் பட்டினி.

அதனால் பாரிஸ் நகரக் காவல் துறையின் பெரிய வேலைகளில் ஒன்று ரொட்டியைக் கண்காணிப்பது. எடை, விலை, மாவின் தரம், சந்தைக்கு எத்தனை மூட்டை தானியம் வந்தது என எல்லாவற்றையும் பார்த்தார்கள். மக்களின் கணக்கும் தெளிவாக இருந்தது: மன்னர் எங்களை ஆளட்டும், வரி வாங்கட்டும், ஆனால் ரொட்டி கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தப்பு மழை மீதோ நிலத்தின் மீதோ இல்லை, மேலே யாரோ பதுக்குகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மன்னரும் மந்திரிகளும் சேர்ந்து தானியத்தைப் பதுக்கி மக்களைப் பட்டினி போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்ற வதந்தி அந்த நூற்றாண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. நம் ஊரில் ரேஷன் அரிசியில் கைவைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வராது இல்லையா, கிட்டத்தட்ட அதே உறவு.

அதில் கைவைத்தவர் ஒருவர் இருந்தார். தியுர்கோ. பதினாறாம் லூயியின் நிதி மந்திரி, அறிவாளி, நேர்மையானவர், தடையற்ற வியாபாரத்தை முழுமனதோடு நம்பியவர். 1774 செப்டம்பரில் தானிய வியாபாரத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார். கொள்கை சரி, நேரம்தான் சரியில்லை. அந்த வருட விளைச்சல் மோசம். 1775 வசந்தத்தில் விலை எகிறியது. ஏப்ரல் கடைசியில் பாரிஸுக்கு வடக்கே ஒரு சந்தையில் தொடங்கிய கலகம் சில வாரங்களில் முந்நூறு இடங்கள் வரை பரவியது. மாவுப் போர் என்று பெயர்.

இந்தக் கலகங்களில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. பல இடங்களில் கூட்டம் தானியத்தைச் சும்மா அள்ளிக்கொண்டு ஓடவில்லை. மூட்டைகளைக் கைப்பற்றி, நியாயமான விலை இதுதான் என்று தாங்களே ஒன்றை அறிவித்து, அந்த விலைக்கு அங்கேயே விற்று, வசூலான பணத்தை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்வையில் அது திருட்டே இல்லை. அரசு செய்ய வேண்டிய வேலையை அரசு செய்யாததால் நாங்கள் செய்தோம் என்ற மனநிலை. தியுர்கோ படையை அனுப்பினார். பாரிஸில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். மறு வருடம் தியுர்கோவின் பதவியும் போனது.

1788 ஜூலை 13 அன்று பிரான்சின் வடபகுதியில் பயங்கரமான ஆலங்கட்டி மழை. அறுவடைக்கு நின்ற பயிர் வயலிலேயே நாசம். அந்தக் குளிர்காலத்தில் சேன் நதி உறைந்துபோய் மாவு ஆலைகள் நின்றன. 1789 பிப்ரவரியில் நான்கு பவுண்டு ரொட்டி பதினாலரை சூ. புரட்சிக்குக் காரணம் ரொட்டி மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கஜானா காலி, வரியில் ஓரவஞ்சனை, புதிய சிந்தனைகள் என எல்லாம் உண்டு. ஆனால் தெருவில் இறங்கியவர்களைத் தெருவில் இறக்கியது பெரும்பாலும் வயிறுதான். ஜூலை 14 அன்று பஸ்தீய் சிறைக்கோட்டை விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நாளே கூட்டம் சான்-லசார் மடத்துக்குள் புகுந்து அங்கிருந்த தானியத்தை வண்டி வண்டியாக ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனது பலருக்கும் தெரியாது.

அக்டோபர் 5 அன்று சந்தைப் பெண்கள் கிளம்பினார்கள். மழையில் இருபது கிலோமீட்டர் நடந்து வெர்சாய் அரண்மனை போய், மறுநாள் மன்னரையும் ராணியையும் குழந்தைகளையும் பாரிஸுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே மாவு வண்டிகள். வழியெல்லாம் அவர்கள் போட்ட கோஷம், "ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரியையும் ரொட்டிக்காரப் பையனையும் கூட்டிவருகிறோம்" என்பது. கிண்டல்தான், ஆனால் அதில் ஒரு முழு அரசியல் தத்துவம் இருக்கிறது. மன்னர் என்பவர் நாட்டின் முதல் ரொட்டிக்காரர். அவர் எங்கள் பக்கத்தில் இருந்தால் ரொட்டி தட்டாமல் கிடைக்கும்.

(ராணி மாரி அந்த்வானெத் "ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டுமே" என்று சொன்ன கதை பொய். ரூசோ தன் வாழ்க்கைக் கதையில் யாரோ ஒரு இளவரசி அப்படிச் சொன்னதாக எழுதினார், அதுவும் கேக் இல்லை, பிரியோஷ் என்ற, வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி. அவர் அதை எழுதிய காலத்தில் மாரி அந்த்வானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. அவரது பெயரோடு இந்த வசனத்தை ஒட்டவைத்தது பிற்காலம்.)

மன்னர் வந்தும் ரொட்டி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 21 அன்று, நோத்ர தாம் தேவாலயத்துப் பக்கம் கடை வைத்திருந்த பிரான்சுவா என்ற ரொட்டிக்காரரின் கடை வாசலில் கூட்டம். ரொட்டி தீர்ந்துவிட்டது என்கிறார் அவர். ஒரு பெண் உள்ளே புகுந்து தேடுகிறாள். எடுத்துவைத்திருந்த ரொட்டிகள் அகப்படுகின்றன. பதுக்கல்காரன் என்ற சத்தம் கிளம்பியதும் வேறு விசாரணையே தேவைப்படவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய்க் கிரேவ் சதுக்கத்தில் விளக்குக் கம்பத்தில் தூக்கிவிட்டார்கள், தலையை வெட்டி ஈட்டியில் செருகி ஊர்வலம் விட்டார்கள். தேசிய மன்றம் அன்றைக்கே இராணுவச் சட்டத்தை நிறைவேற்றியது: நகர மன்றத்தில் சிவப்புக் கொடி ஏறினால் கூட்டம் கலைய வேண்டும், இல்லாவிட்டால் சுடுவார்கள். பின்னாளில் தொழிலாளர் இயக்கத்தின் அடையாளமான சிவப்புக் கொடி, அந்தச் சட்டத்தில் மக்களைக் கலைக்கும் கொடி.

புரட்சி அரசும் மன்னர் அரசு செய்ததையே செய்தது, இன்னும் பலமாக. 1791 ஜூலையில் ஒரு சட்டம்: ரொட்டிக்கும் இறைச்சிக்கும் நகராட்சிகள் விலை நிர்ணயிக்கலாம், தற்காலிகமாக. அந்தத் "தற்காலிகம்" நூறு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. அரசாங்கம் தற்காலிகமாகச் செய்வதன் ஆயுள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. 1793இல் உச்ச விலைச் சட்டம் வந்தது. அதே வருட இறுதியில் சமத்துவ ரொட்டி என்ற திட்டம்: பணக்காரனுக்கு வெள்ளை மாவு ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்ற பாகுபாடு இனி இல்லை, எல்லாருக்கும் ஒரே ரொட்டி. கேட்க அழகாக இருக்கிறது. சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள். 1795இல் மக்கள் மறுபடியும் மன்றத்துக்குள் புகுந்தபோது தொப்பியில் எழுதி வைத்துக்கொண்ட வாசகம் "ரொட்டியும் 1793 அரசியல் சட்டமும்". முதலில் எது வருகிறது என்று கவனியுங்கள்.

19ஆம் நூற்றாண்டை வேகமாகத் தாண்டலாம். நெப்போலியன் பாரிஸில் பேக்கரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார், ஒவ்வொருவரும் கையிருப்பு மாவு வைத்திருக்க வேண்டும் என்றார். 1863இல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்த வரம்பெல்லாம் போனது. நடுவில் 1830களின் கடைசியில் அகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரியர் ரிஷ்லியூ தெருவில் வியன்னா பாணி பேக்கரி ஒன்றைத் திறந்தார். நீராவி விடும் அடுப்பு, ஈஸ்ட், வெள்ளை மாவு. குரோசான் வகையறாவை இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் "வியன்னாப் பண்டம்" என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். பிரான்சின் காலை உணவுச் சின்னம் வெளியூர்ச் சரக்கு.

இப்போது பகெத். எப்படிப் பிறந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. நெப்போலியனின் சிப்பாய்கள் கால்சட்டையில் செருகிக்கொள்ள வசதியாகச் செய்தார்கள் என்று ஒன்று. பாரிஸ் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது வெவ்வேறு மாகாணத் தொழிலாளர்கள் கத்தியை எடுத்துச் சண்டை போட்டதால், கத்தி இல்லாமல் கையால் பிய்க்கிற ரொட்டி வேண்டுமென்று தலைமைப் பொறியாளர் பியன்வெனு கேட்டார் என்று இன்னொன்று. இரண்டும் கேட்கச் சுவையானவை, ஆதாரம்தான் இல்லை. நீளமான வெள்ளை ரொட்டிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் இருந்தன. 1919 மார்ச்சில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது: இரவு 10 மணியிலிருந்து காலை 4 மணிவரை பேக்கரிகளில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது. நான்கு மணிக்கு வேலையைத் தொடங்கி, காலை வாடிக்கையாளர் வரும் முன் பெரிய உருண்டை ரொட்டி தயாராகாது. மெலிந்த ரொட்டி சீக்கிரம் வேகும். பகெத் எங்கும் பரவ இந்தச் சட்டம் உதவியது என்று சொல்வார்கள். முழுக் காரணம் இல்லாவிட்டாலும் காலம் பொருந்துகிறது. 1920 ஆகஸ்டில், பாரிஸ் அடங்கிய சேன் மாவட்ட நிர்வாகத்தின் விலை ஆணையில் பகெத் என்ற பெயர் வருகிறது: குறைந்தபட்சம் 80 கிராம், அதிகபட்சம் 40 செ.மீ., விலை 35 சாந்தீமுக்கு (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்) மேல் போகக் கூடாது. ஆக, அந்த ரொட்டி அரசாங்கத் தாளில் நுழைந்ததே ஒரு விலைக் கட்டுப்பாட்டு ஆணை வழியாகத்தான். இன்றைய பகெத் 250 கிராம் அளவில், அறுபது செ.மீ. பக்கம் இருக்கும்.

அப்புறம் போர். 1940இல் ஜெர்மனி பிரான்சைப் பிடித்தபின் ரொட்டிக்கு ரேஷன் அட்டை. 1944இல் பாரிஸ் விடுதலை ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. 1947இல் ரேஷன் அளவு போர்க்காலத்தைவிடக் கீழே இறங்கியது. அட்டை ஒழிந்தது 1949இல்தான். தவிடும் சோளமும் கலந்த சாம்பல் நிற ரொட்டியைத் தின்று வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வெள்ளை வெளேரென்ற ரொட்டி மீது வந்த ஏக்கத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1951 ஆகஸ்ட், தெற்கே ரோன் நதிக்கரையில் பொன்-சான்-எஸ்ப்ரி என்ற சிற்றூர். ஒரு பேக்கரியில் ரொட்டி வாங்கியவர்கள் வரிசையாக நோயில் விழுந்தார்கள். வாந்தி, தூக்கமே வராத இரவுகள், பிறகு சிலருக்கு மனப்பிரமை. உடம்பில் பாம்பு ஊர்கிறது, தீப் பற்றுகிறது என்று அலறினார்கள். குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல். தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சை என்று முதலில் சொன்னார்கள், பிறகு பாதரசப் பூச்சிமருந்து, இன்னும் என்னென்னவோ. இன்றுவரை முடிவான பதில் கிடையாது. உளவுத்துறைச் சதி என்று இணையத்தில் சுற்றும் கதைகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. என் கண்ணில் படுவது வேறு. அன்றைய முறையில் பேக்கரிக்காரர் தனக்குப் பிடித்த ஆலையில் மாவு வாங்க முடியாது. 1936இல் உருவான அரசுக் கோதுமை அலுவலகத்தின் ஏற்பாட்டில், மாவு மிஞ்சிய மாவட்டத்திலிருந்து பற்றாக்குறை மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட மூட்டைதான் வரும். மாவு சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்று அந்தப் பகுதி பேக்கரிக்காரர்கள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வந்ததைச் சுட வேண்டியதுதான். அரசு நடுவில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்பது ஒரு பக்கம். கெட்டது நடந்தால் யாரைக் கேட்பது என்பது இன்னொரு பக்கம்.

அடுத்த முப்பது வருடம் பிரெஞ்சு ரொட்டிக்குக் கெட்ட காலம் என்பேன். வேக மெஷினில் மாவை அடித்து அடித்துப் பிசைந்தார்கள். அதனால் மாவில் காற்றேறி வெளுக்கும், ரொட்டி உப்பிப் பெரிதாகும், புளிக்கும் நேரம் மிச்சமாகும். பார்க்க அழகு, வாயில் பஞ்சு. மாலைக்குள் ரப்பராகிவிடும். ரேமோன் கால்வெல் என்ற பேக்கரி ஆசிரியர் மட்டும், அதிகமாகப் பிசைந்தால் மாவின் நிறமும் மணமும் ஆக்ஸிஜனில் கெட்டுப்போகின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள், பிசையும் வேலை குறையும் என்று காட்டினார். இன்று வீட்டில் ரொட்டி சுடும் எல்லோரும் செய்கிற விஷயம் அது.

அதே சமயம் சூப்பர் மார்க்கெட்டுகள் உறைய வைத்த மாவை வாங்கி, அங்கேயே சூடாக்கி "புதிய ரொட்டி" என்று விற்க ஆரம்பித்தன. விலைக் கட்டுப்பாடும் போய்விட்டது. 1978இல் ஒருமுறை விடுவித்தார்கள், நடுவில் மறுபடி பிடித்தார்கள், 1987 தொடக்கத்திலிருந்து பகெத்தின் விலை முழுக்கக் கடைக்காரர் இஷ்டம். விலையைக் கைவிட்ட அரசு பெயரைப் பிடித்துக்கொண்டது. 1993 செப்டம்பர் 13 ஆணைப்படி "பிரெஞ்சு மரபு ரொட்டி" என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது, கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு தவிர வேறு சேர்க்கைப் பொருட்கள் கூடாது. மொச்சை மாவு, சோயா மாவு, மால்ட் மாவுக்குச் சின்ன அளவில் விலக்கு உண்டு. 1998இல் இன்னொரு சட்டம்: மாவு பிசைவதிலிருந்து சுடுவதுவரை அங்கேயே செய்பவர் மட்டும்தான் வாசலில் "பூலான்ழெரி", அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்டலாம். மற்றவர்கள் ரொட்டி விற்கலாம், அந்தப் பெயரை மட்டும் போட முடியாது.

ஆக நீங்கள் கேட்ட சட்டங்களின் கதை இதுதான். பழைய மரபைக் காப்பாற்றவென்று எழுதியவை. ஆனால் இன்று பாரிஸில் கிடைக்கும் நல்ல ரொட்டியின் பெரும்பகுதி இந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. சட்டம் மரபை உண்டாக்கியது என்றுகூடச் சொல்வேன். 2022 நவம்பரில் யுனெஸ்கோ, பகெத் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய பழக்கவழக்கத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. வருடத்துக்கு அறுநூறு கோடி பகெத் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்: 1900 வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் தினம் 900 கிராம் அளவுக்கு ரொட்டி சாப்பிட்டார், இன்று நூறு கிராம் பக்கம். சாப்பிடுவது குறையக் குறையப் பெருமை கூடுகிறது.

சட்டத்தின் விசித்திரமான மூலைகளும் உண்டு. பல மாவட்டங்களில் ரொட்டிக்கடை வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் மூட வேண்டும். பெரிய கடை சின்னக் கடையைத் தின்றுவிடக் கூடாது என்பது காரணம். 2018இல் லுசிஞி-சுர்-பார்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு பேக்கரிக்காரர், முந்தைய கோடையில் வாரம் ஏழு நாளும் திறந்து வைத்த குற்றத்துக்காக 3,000 யூரோ அபராதம் என்று செய்தி வந்தது. அதிகமாக உழைத்ததற்கு அபராதம்! உள்ளூர் மேயரே அவருக்கு ஆதரவாகப் பேசினார். பாரிஸில் பேக்கரிக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கோடை விடுமுறைக்குப் போய்விடக் கூடாது, பாதிப் பேர் ஜூலை, பாதிப் பேர் ஆகஸ்ட் என்ற விதி 2014வரை இருந்தது. உணவகத்தில் சாப்பாடு வாங்கினால் ரொட்டிக்கும் சாதாரணத் தண்ணீருக்கும் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்று 1967இல் ஓர் ஆணை. நீங்கள் போகும்போது மேஜையில் கூடையில் வந்து நிற்கும் ரொட்டி அதன் புண்ணியம்.

மேஜை என்றதும் சில பழக்கங்கள். ரொட்டியைத் தட்டில் வைக்க மாட்டார்கள், தட்டுக்குப் பக்கத்தில் நேராக மேஜை விரிப்பின் மேல். கத்தியால் வெட்டாமல் ஒரு வாய்க்குக் கையால் பிய்த்துக்கொள்வார்கள். மதியம், இரவுச் சாப்பாட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் கிடையாது, வெண்ணெய் காலைக்கு. (பிரெத்தோன் பகுதியில் மட்டும் எதற்கெடுத்தாலும் உப்பு வெண்ணெய். மன்னர் காலத்து உப்பு வரியிலிருந்து அந்த மாகாணத்துக்கு விலக்கு இருந்தது, உப்பு மலிவு. வரி போய் இருநூறு வருடமாகியும் நாக்கு மாறவில்லை.) கடைசியில் மிஞ்சும் குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது நாகரிகம் இல்லை என்று மரியாதைப் புத்தகங்கள் சொல்லும், வீட்டில் எல்லோரும் செய்வார்கள். ரொட்டியைத் தலைகீழாக வைத்தால் மட்டும் வயதானவர் யாராவது கை நீட்டித் திருப்பிவைப்பார். மரண தண்டனை நிறைவேற்றுபவருக்கு ஒதுக்கிய ரொட்டியை யாரும் தொடாமலிருக்கக் கடைக்காரர் கவிழ்த்து வைப்பார், அதனால் கவிழ்ந்த ரொட்டி ஆகாது என்பது சொல்லும் கதை. பழைய கிராமத்து வீடுகளில் முழு ரொட்டியை அறுக்கும் முன் கத்தி முனையால் அடியில் சிலுவைக் குறி போடும் வழக்கமும் இருந்தது.

தமிழர்களுக்கு இதில் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. பாரிஸ் நகராட்சி 1994 முதல் மரபு பகெத்துக்குப் போட்டி நடத்துகிறது. நீளம், எடை, உப்பு அளவு எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும். சரியில்லாததை நடுவர்கள் வாயில் வைக்கும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள். ஜெயித்தவருக்கு 4,000 யூரோ, அதைவிடப் பெரிதாக, ஒரு வருடம் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை. 2023இல் ஜெயித்தவர் தர்ஷன் செல்வராஜா, 20ஆம் வட்டாரத்தில் பிரெனே தெருவில் கடை நடத்துபவர், 2006இல் இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வந்தவர். லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் அந்தச் செய்தியைப் பேசாதவர் இல்லை. இதற்கு முன்பும் செனகல், துனிசியப் பின்னணி கொண்டவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். ராத்திரி எழுந்து அடுப்பு மூட்டும் வேலைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதல் ரொட்டிக்காரர் என்று மன்னரை அழைத்த ஊரில், நாட்டுத் தலைவரின் மேஜைக்கு ரொட்டி போனது இலங்கையில் பிறந்த ஒருவரின் கையிலிருந்து.

பழைய கோபமும் போய்விடவில்லை. 2022 ஜனவரியில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் பகெத்தை 29 யூரோ சாந்தீமுக்கு விற்கப்போவதாக விளம்பரம் செய்தபோது, மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டதைவிட, இது உழைப்பை அவமதிப்பது என்று விவசாயிகளும் மாவு ஆலைக்காரர்களும் பேக்கரிக்காரர்களும் போட்ட சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அந்த வருடக் கடைசியில் மின் கட்டணம் பல மடங்கு ஏறி அடுப்பு அணைகிற நிலை வந்ததும், அரசு அவசரமாக உதவித் திட்டம் அறிவித்தது; 2023 ஜனவரியில் பேக்கரிக்காரர்கள் பாரிஸில் ஊர்வலம் போனார்கள். கிராமங்களில் நிலைமை இன்னும் கஷ்டம். கடைசி பேக்கரி மூடினால் ஊரே மூடிய மாதிரி என்பதால் நகராட்சியே கட்டடத்தை வாங்கிக் குறைந்த வாடகைக்கு விட்டு ஆள் தேடுகிறது. ஆள் கிடைக்காத ஊரில் சாலையோரம் பகெத் மெஷின். காசு போட்டால் வெதுவெதுப்பாக ஒன்று விழும். பசிக்கு உதவும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். வாசலில் "பூலான்ழெரி" என்ற பலகை இருக்கிறதா பாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் "போன்ழூர்", அதாவது வணக்கம். இதை விட்டுவிட்டு நேராக ரொட்டியைக் கைகாட்டினால் உங்களை மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு வரும் சேவை அதற்குத் தக்கபடிதான். "பகெத்" என்று மட்டும் கேட்டால் சாதாரண வகை கிடைக்கும். "த்ரதிஸியோன்" என்று கேளுங்கள், மேலே சொன்ன மரபு ரொட்டி அதுதான், இருபது முப்பது சாந்தீம் கூட இருக்கும், கொடுக்கலாம். முனை கூராக, மேலே கத்திக் கீறல் கரடுமுரடாக, உள்ளே வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒழுங்கில்லாத ஓட்டைகளோடு இருந்தால் நல்ல சரக்கு. உள்ளே பளிச்சென்ற வெள்ளையும் சின்னச் சின்ன ஒரே மாதிரி ஓட்டைகளும் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பாரிஸில் பலர் சரியாக வேகாத வெளிறிய ரொட்டியைக் கேட்டு வாங்குகிறார்கள், பேக்கரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் "பியன் குயீத்" என்று கேளுங்கள், நன்றாக வெந்தது என்று பொருள். மணமெல்லாம் அந்தப் பழுப்புத் தோலில்தான். தனியாகப் போகிறீர்கள் என்றால் பாதி பகெத் கேட்டாலும் வெட்டித் தருவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாலை ஐந்து ஐந்தரைக்கு மேல் இரண்டாவது சூடு இறங்கும் நேரம், அப்போது போவது நல்லது. அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் தோல் நமத்துப்போகும். வெளியே வந்ததும் முனையைப் பிய்த்து நடந்துகொண்டே தின்னலாம், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.